மூணுவரி அக்காவும் பேசாத அழைப்பும்

அவசரத்துக்கு ஆம்புலன்ஸைக் கூப்பிடும்போது மறுமுனையில் ஃபோனை எடுப்பது யார் என்று யாரும் யோசிப்பதில்லை. யோசிக்க அப்போது நேரம் ஏது? எடுப்பது நாங்கள்தான். ஜன்னல் இல்லாத ஒரு நீள அறை. ஆளுக்கு இரண்டு திரை. ஒன்றில் கூப்பிடுகிறவரின் எண் வரும், இன்னொன்றில் நகரத்தின் வரைபடம். எங்கள் வண்டிகள் அதில் புள்ளிகளாக ஊர்ந்துகொண்டிருக்கும். பச்சை என்றால் வண்டி காலி, சிவப்பு என்றால் வேலையில் இருக்கிறது. ஏசி போட்டிருப்பது கம்ப்யூட்டர்களுக்காக, எங்களுக்காக இல்லை. வெளியே வெயில் மண்டையைப் பிளந்தாலும் எல்லா நாற்காலியின் முதுகிலும் ஒரு ஸ்வெட்டர் தொங்கும்.

அந்தக் குளிர் அறையில் எங்களை ஹைக்கூ எழுத வைத்தவரைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். அவர்தான் எங்கள் ஷிப்டின் மேற்பார்வையாளர். எங்களுக்கு மூணுவரி அக்கா.

முன்பு ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பாளராக இருந்தவர். வலியோடு வருகிறவர்களை உட்காரவைத்துப் பழகிய குரல். எங்கள் வேலைக்கு அந்தக் குரல்தான் மூலதனம். கத்துகிறவர்களிடம் கத்தாமல், அழுகிறவர்களிடம் இளகாமல், "சரி, இப்ப உங்களுக்கு என்ன தெரியுது, அதை மட்டும் சொல்லுங்க" என்று கேட்பார். வீட்டில் அதிகம் பேசமாட்டார். அவர் பங்கையும் சேர்த்துப் பேச வீட்டுக்காரர் இருந்தார். அவர் பிளம்பர். ஊரில் இருக்கிற குழாயையெல்லாம் அடைத்துவிட்டு வந்து வீட்டில் வாயைத் திறந்துவிடுவார் என்று அக்காவே சொல்லிச் சிரிப்பார். மாடியில் அவருடைய அக்கா, அதாவது எங்கள் அக்காவுக்கு நாத்தனார், தனியாகக் குடியிருந்தார். காது கேளாத பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் ஓவிய ஆசிரியை. நாத்தனாரும் தம்பி மனைவியும் சண்டை போட்டதில்லை. அவ்வளவாகப் பேசிக்கொண்டதும் இல்லை.

அந்த அழைப்பு வந்தது அக்கா வேலைக்குச் சேர்ந்த புதிதில். சாப்பிட்டுவிட்டு எல்லோருக்கும் கண் சொருகுகிற மத்தியான நேரம். "ஆம்புலன்ஸ் அவசர உதவி, சொல்லுங்க" என்றார். பதில் இல்லை. ஆனால் லைன் கட்டாகவில்லை. மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. மெலிந்த மூச்சு, பெண்ணுடையது என்று அக்காவுக்குத் தோன்றியது. அதற்குப் பின்னால் எங்கோ ஒரு குழாய், வாளித் தண்ணீரில் சொட்டிக்கொண்டிருந்தது.

"எங்க இருக்கீங்க? பேச முடியலைன்னா ஃபோனை விரலால ஒரு தட்டு தட்டுங்க."

தட்டவில்லை. மூச்சு மட்டும் வந்தது.

அப்போதெல்லாம் திரை காட்டியது அழைப்பு எந்தச் செல்ஃபோன் கோபுரத்தின் கீழிருந்து வருகிறது என்பதை மட்டும்தான். அந்தக் கோபுரத்தின் கீழே ஒரு சின்ன ஊரே இருந்தது. அடுக்கு அடுக்காக வீடுகள், பட்டறைகள், கடைகள். எந்தக் கதவைத் தட்டுவது? பக்கத்து நாற்காலிக்காரர் போலீசுக்குச் சொன்னார். அவர்கள் அந்தப் பக்கம் ஒரு ஜீப்பை அனுப்பினார்கள். முகவரி இல்லாமல் ஆம்புலன்ஸை அனுப்ப முடியாது. இது அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும்.

தெரிந்தே சொன்னார், "பயப்படாதீங்கம்மா. வந்துகிட்டே இருக்காங்க. கிட்ட வந்துட்டாங்க."

திரும்பத் திரும்பச் சொன்னார். ஒருகட்டத்தில் மூச்சு நின்றுபோய், குழாய்ச் சத்தம் மட்டும் மிஞ்சியது. பிறகு அதுவும் போனது. லைன் கட். திரும்ப அழைத்தால் அணைத்துவைக்கப்பட்டிருப்பதாகப் பதிவுக் குரல் சொன்னது. ஜீப் சுற்றிவிட்டு வெறுங்கையோடு திரும்பியது. அந்த எண் யார் யார் கையோ மாறியிருந்ததால் சொந்தக்காரரையும் பிடிக்க முடியவில்லை. யார், என்ன ஆனார், பிழைத்தாரா, ஒன்றும் தெரியாமல் போயிற்று.

எங்கள் வேலையில் சாவு புதிதல்ல. ஆனால் செத்தார் என்று தெரிந்தால் ஒருநாள் அழுதுவிட்டு மறுநாள் வேலைக்கு வரலாம். இது அப்படிப்பட்டதில்லை.

கொஞ்ச நாளில் அக்காவின் இடது காதில், ஹெட்செட்டை மாட்டுகிற காதில், அந்தச் சொட்டுச் சத்தம் வந்து உட்கார்ந்துகொண்டது. பாத்திரம் தேய்க்கும்போது, பஸ்ஸில் நிற்கும்போது, தலை வாரும்போது. சொட்டு, கொஞ்சம் இடைவெளி, சொட்டு. அந்த இடைவெளியில் மூச்சு.

வீட்டுக்காரரிடம் சொன்னார், "எங்கயோ குழாய் ஒழுகுதுங்க."

அவருக்கு அது மானப் பிரச்சினை. பிளம்பர் வீட்டில் குழாய் ஒழுகுவதா? சமையலறை, குளியலறை, மாடியில் தன் அக்கா வீடு, வாசல் தொட்டி என்று எல்லாவற்றையும் கழற்றி மாட்டினார். வாஷர் மாற்றினார். மீட்டர் முள் அசைகிறதா என்று குந்தி உட்கார்ந்து பார்த்தார்.

"ஒரு பொட்டு ஒழுகலை. வேணும்னா நீயே காதை வெச்சுப் பாரு."

அக்கா குழாயில் காதை வைத்தார். குழாய் கம்மென்று இருந்தது. காதுதான் சொட்டிக்கொண்டிருந்தது.

காது மருத்துவர் கருவி வைத்துப் பார்த்துவிட்டு, "காது கண்ணாடி மாதிரி சுத்தமா இருக்கு. வேலையில டென்ஷனா?" என்று கேட்டார். தூக்கத்துக்கு மாத்திரை எழுதிக்கொடுத்தார். தூக்கம் வந்தது. தூக்கத்துக்குள்ளும் சொட்டியது.

தம்பி மாடிக் குழாயைக் கழற்றிய அன்றே நாத்தனாருக்கு என்னவோ சரியில்லை என்று பட்டிருக்கிறது. ஒரு விடுமுறை நாள் காலையில், துணி காயப்போட மாடிக்குப் போன அக்காவை நிறுத்திக் கேட்டார், "உனக்கு என்னதான் கேக்குது? எங்கிட்ட சொல்லு."

அக்கா சொல்ல ஆரம்பித்தார். அந்தப் பெண் யாராக இருக்கும், கணவன் அடித்திருப்பானா, விஷம் குடித்திருப்பாளா, பிள்ளைகள் இருந்திருக்குமா என்று போய்க்கொண்டே இருந்தது. நாத்தனார் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இதெல்லாம் நீயா கட்டினது. நான் கேட்டது அது இல்லை. காதுல என்ன விழுந்துச்சு?"

"மூச்சு. குழாய்."

"அப்ப அதை மட்டும் எழுது. மூணு வரி போதும். நாலாவது வரிக்குப் போனா மறுபடியும் கட்ட ஆரம்பிச்சுடுவே."

நாத்தனார் பல வருடமாக ஹைக்கூ எழுதுகிறவர் என்பது அன்றைக்குத்தான் அக்காவுக்குத் தெரிந்தது. ஒரே வீட்டில் ஒரே படிக்கட்டை மிதித்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். அன்று காயாத துணிகளுக்கு நடுவே நின்றபடி நாத்தனார் தன்னுடையது ஒன்றைச் சொன்னார். அவர் பள்ளியில் மணி கிடையாது. வகுப்பு முடிந்தால் விளக்கை அணைத்து எரியவிடுவார்கள்.

விளக்கு அணைந்து எரிகிறது—
எல்லா விரல்களும்
பேச்சை நிறுத்துகின்றன.

அக்கா கையிலிருந்த துணியைக் கொடியில் போட மறந்துவிட்டாராம். "அண்ணி, இதுல சோகம்னு ஒண்ணும் சொல்லவே இல்லையே, எனக்கு ஏன் அழுகை வருது?" என்று கேட்டார்.

"சொல்லியிருந்தா வந்திருக்காது" என்றார் நாத்தனார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. மற்ற அழைப்புகளைப் பற்றி எழுத எழுத அக்காவுக்குக் கை பழகியது. தீக்காயம், விபத்து, பிரசவம் என்று எதுவானாலும் ஷிப்ட் முடிந்ததும் மூன்று வரி எழுதுவார். எழுதியது காதை விட்டுப் போய்விடும். போகாதது அந்த ஒன்றுதான். அதை எத்தனையோ விதமாக எழுதி நாத்தனாரிடம் காட்டினார். நாத்தனார் படித்துவிட்டு ஒவ்வொரு தடவையும் திருப்பிக் கொடுத்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுல எதையோ ஒளிச்சு வெச்சிருக்கே."

"என்னத்தை ஒளிச்சேன்?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? ஒளிச்சது நீ."

மேற்பார்வையாளர் ஆனதும் அக்கா எங்கள் பக்கம் திரும்பினார். மோசமான அழைப்பு வந்து முடிந்தால் எங்களைக் கேண்டீனுக்கு அழைத்துப் போவார். டீ சொல்வார். டீ ஆறுவதற்குள் மூன்று வரி எழுத வேண்டும். "எப்படி இருந்துச்சுன்னு எழுதாதே. என்ன கேட்டுச்சுன்னு எழுது." எங்களில் ஒருத்தி, தாத்தாவுக்கு மூச்சு நின்றுவிட்டது என்று ஒரு வீட்டிலிருந்து வந்த அழைப்பை எடுத்துவிட்டு ஹெட்செட்டைக் கழற்ற மறந்து கேண்டீனுக்கு வந்திருந்தாள். அவள் எழுதியது இது:

மூச்சில்லை என்கிறார்கள்—
அவர்களுக்குப் பின்னால்
பால் பொங்கி வழிகிறது.

அக்கா அதைப் படித்துவிட்டு அவள் தலையைத் தொட்டார். பாராட்டு அவ்வளவுதான். பிறகு அதை எடுத்துக் கேண்டீன் பலகையில், மதிய உணவு விலைப்பட்டியலுக்குப் பக்கத்தில் குத்தினார். வருடங்கள் போகப் போக விலைப்பட்டியல் ஓரத்துக்கு ஒதுங்கிவிட்டது.

இதையெல்லாம் பார்த்து முணுமுணுத்தவர் டிரைவர் அண்ணன். பல காலம் ஆம்புலன்ஸ் ஓட்டி, முதுகு போனதால் எங்கள் அறைக்கு மாற்றப்பட்டவர். அக்காவைவிட மூத்தவர். பெரிய மீசை. ஹெட்செட்டின் ஒலிவாங்கி அதில் சிக்கிக்கொள்ளும். "நான் வண்டியில பார்த்ததுல நீங்க காதால கேட்டது கால்வாசி இருக்காது. அதுக்குப் பாட்டு எழுதறீங்களாக்கும்" என்பார்.

அக்கா விடவில்லை. "நீங்களும் ஒண்ணு எழுதுங்கண்ணே. பார்ப்போம்."

அண்ணன் பேனாவை ஸ்பேனர் மாதிரி பிடித்து எழுதிக் கொடுத்தார்: "ஃபோன் வந்தது. வண்டி போனது. ஆள் போயிட்டார்."

கேண்டீனே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. "இது ரிப்போர்ட்டுண்ணே. ஆள் போனதுக்கு அப்புறம் வண்டி எங்க போச்சு?"

"எங்க போகும்? ஷெட்டுக்குத்தான்."

"போற வழியில?"

அண்ணன் எழுந்தார். டீயை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டார். ரொம்ப நாள் கழித்துத்தான் பலகையில் இது இருந்தது. யார் குத்தினார் என்று கையெழுத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

சைரனை அணைத்தேன்—
திரும்பும் வழியில்
எல்லா சிக்னலும் பச்சை.

அதற்குமுன் நின்று நின்று பலகையைப் படித்தவர்கள் அன்று படித்துவிட்டு நிற்க முடியாமல் நகர்ந்தார்கள். டிரைவர் அண்ணன் அதற்குப் பிறகு அக்காவின் தீவிர மாணவர் ஆகிவிட்டார். "தங்கச்சி, இந்த வார்த்தை வேணுமா?" என்று வீட்டுக்கே ஃபோன் போடுவார். அடிக்கடி போட்டதில் அக்காவின் எண் அவருக்கு மனப்பாடம்.

விஷயம் வெளியே பரவி, நூலகத்தின் பின்னறையில் மாதம் ஒருமுறை அக்கா வகுப்பு எடுக்க ஆரம்பித்தார். நர்சுகள், தீயணைப்புக்காரர்கள், பிணவறையில் வேலை பார்க்கும் ஒருவர் எல்லாம் வந்தார்கள். எத்தனையோ பேர் காதுகளில் இருந்ததை அக்கா இறக்கிவைக்கச் செய்தார். தன் காதைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. எழுதிப் பார்த்ததையெல்லாம் கிழித்துப்போட்டார். ஒருதரம் என்னிடம் மட்டும், கை கழுவுகிற இடத்தில், "இந்தக் குழாய் மூடியிருக்குதானே?" என்று கேட்டார். மூடித்தான் இருந்தது. நான் விளையாட்டாகக் கேட்கிறார் என்று நினைத்தேன்.

பிறகு வந்தது அந்தக் காலைப்பொழுது.

அக்காவுக்கு அன்று விடுமுறை. நாத்தனார் பள்ளிக்குப் போயிருந்தார். அக்கா காய் வாங்கிக்கொண்டு வந்து கதவைத் திறந்தபோது தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. காதில்தான் என்று நினைத்துப் பையை நிதானமாக மேஜையில் வைத்தார். கால் நனைந்த பிறகுதான் உண்மையான தண்ணீர் என்று தெரிந்தது. குளியலறையில் வீட்டுக்காரர் மல்லாந்து கிடந்தார். குழாய் முழுசாகத் திறந்திருந்தது. முகத்தில் ஒரு பக்கம் இழுத்திருந்தது. கண் திறந்திருந்தது. வாய் என்னவோ சொல்லப் பார்த்தது.

அக்கா ஃபோனை எடுத்து எங்கள் எண்ணை அழுத்தினார்.

எடுத்தவர் டிரைவர் அண்ணன். நான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். "ஆம்புலன்ஸ் அவசர உதவி, சொல்லுங்க" என்றவர், பதில் வராததால் திரையில் எண்ணைப் பார்த்தார். அவர் மீசை ஆடியதை நான் பார்த்தேன்.

"தங்கச்சி?"

ஒன்றும் வரவில்லை. எத்தனை ஆயிரம் பேரைப் பேசவைத்த குரல், ஒரு சொல் எழும்பவில்லை. அண்ணன் ஒலியைக் கூட்டினார். எனக்கும் கேட்டது. தண்ணீர். அதற்குப் பின்னால் மூச்சு.

"தங்கச்சி, பேச வேணாம். தண்ணி ஓடுது, கேக்குது. குளியலறையா? ஆமான்னா ஒரு தட்டு."

டொக்.

"மாப்பிள்ளைக்கா?"

டொக்.

"மூச்சு இருக்கா?"

டொக்.

"சரி. முதல்ல ஒருக்களிச்சுப் படுக்க வை. தலைக்குக் கீழ தண்ணி நிக்கக் கூடாது. குழாயை மூடு. நான் லைன்லயேதான் இருக்கேன்." வாய் பேசிக்கொண்டிருந்தபோதே அண்ணனின் விரல் வரைபடத்தில் அந்தத் தெருவைத் தேடிப் பிடித்தது. வீடு அவருக்குத் தெரியும். மழை நாளில் அக்காவைக் கொண்டுபோய் விட்டிருக்கிறார். ஆனால் அந்தப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளிகூட இல்லை. அத்தனையும் சிவப்பு.

அண்ணன் அதைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"வந்துகிட்டே இருக்காங்க தங்கச்சி" என்றார். "கிட்ட வந்துட்டாங்க."

சொல்லிவிட்டு ஒலிவாங்கியைக் கையால் மூடிக்கொண்டு, "எவன் எங்க பேஷண்டை இறக்கினாலும் அடுத்தது இங்கதான் போகணும்!" என்று அறை அதிரக் கத்தினார். மறுபடி கையை எடுத்து, பழைய குரலில் பேசினார். என்னவெல்லாமோ பேசினார். மாப்பிள்ளை போட்டுக் கொடுத்த குழாய் தன் வீட்டில் இன்னும் அசையாமல் இருக்கிறது என்றார். ஒரு புள்ளி பச்சையாக மாறியபோது நான் வாய்விட்டு அழுதேன்.

வீட்டுக்காரர் பிழைத்தார். பக்கவாதம். பேச்சு திரும்பியது, பழைய வேகத்தில் இல்லை. இடது கை திரும்பவில்லை.

மறுநாள் மத்தியானம் மருத்துவமனைக்கு நானும் அண்ணனும் போனோம். வார்டுக்கு வெளியே பெஞ்சில் அக்காவும் நாத்தனாரும் உட்கார்ந்திருந்தார்கள். அக்காவுக்குக் குரல் வந்திருந்தது, கரகரப்பாக. நன்றி என்றெல்லாம் சொல்லவில்லை. எடுத்தவுடன் கேட்டார்.

"அண்ணே, வந்துகிட்டே இருக்காங்கன்னு சொன்னீங்களே. அந்த நேரத்துல அது நிஜமா?"

அண்ணன் தரையைப் பார்த்தார். "இல்லை தங்கச்சி. வண்டியே இல்லை."

நான் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டேன். இப்போது என்ன சொல்வாரோ என்று பயமாக இருந்தது.

"நான் நம்பினேன்" என்றார் அக்கா. "நீங்க சொன்னது ஒவ்வொண்ணும் கேட்டுச்சு. வாய் வரலை, ஆனா எல்லாம் கேட்டுச்சு. வாசலையே பார்த்துகிட்டு இருந்தேன்."

 ஒரு தள்ளுவண்டி கடகடவென்று போயிற்று. பிறகு அக்கா நாத்தனார் பக்கம் திரும்பினார். "அண்ணி, அந்தப் பொண்ணும் எல்லாத்தையும் கேட்டுகிட்டுதான் இருந்திருப்பா. அவளும் வாசலைப் பார்த்திருப்பா. நான் அனுப்பவே இல்லை அண்ணி. அனுப்பாமலே வர்றாங்க வர்றாங்கன்னு சொன்னேன்."

நானும் அண்ணனும் அந்த அழைப்பின் கதையை முழுசாகக் கேட்டது அந்த பெஞ்சில்தான். கேட்டு முடித்ததும் நாத்தனார் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. கைப்பையிலிருந்து பேனாவை எடுத்துக் கொடுத்தார். மருந்துக் கடைக் காகிதப்பையின் முதுகில் அக்கா எழுதினார். அடித்தல் திருத்தல் இல்லை.

வந்துகொண்டே இருக்கிறார்கள்
என்றேன்—
குழாய் சொட்டியது.

நாத்தனார் வாங்கிப் படித்தார். இந்த முறை திருப்பிக் கொடுக்கவில்லை. மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

காது சரியாகிவிட்டதா என்று நான் பிறகு ஒருநாள் கேட்டேன். "இல்லை" என்றார் அக்கா. "ஆனா முன்னாடி அந்தப் பொண்ணு வெளிய நின்னு கதவைத் தட்டுற மாதிரி இருக்கும். இப்ப உள்ள வந்து உக்காந்துட்டா." அது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை போல. ஹெட்செட்டை வலது காதுக்கு மாற்றிக்கொண்டார்.

நூலக வகுப்பு தொடர்கிறது. வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு வருகிறார். அவர் ஓரமாக உட்கார்ந்து, விட்டு விட்டுப் பேசி, எல்லோர் வரிகளிலும் குறை சொல்வார். பணி ஓய்வு பெற்றுவிட்ட நாத்தனாரும் வருவார். டிரைவர் அண்ணன் மட்டும் கொஞ்ச காலமாக எதையும் எழுதிக் கொண்டுவருவதில்லை. போன மாதம் வகுப்பு முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது அக்கா கேட்டார், "என்னண்ணே, பேனா தீர்ந்துபோச்சா?"

அண்ணன் கையிலிருந்த நாற்காலியை அடுக்காமல் கீழே வைத்தார்.

"ஒரு சத்தம் இருக்கு தங்கச்சி. நடுவுல நடுவுல வருது. தண்ணி ஓடும், பின்னால ஒரு மூச்சு. நான் என்ன கேட்டாலும் பதில் இருக்காது. தட்டவும் மாட்டேங்குது."

அக்காவின் முகம் மாறியது. "எழுதுங்கண்ணே" என்றார், மெதுவாக.

"எப்படி எழுதறது? அது நீதானே. இதோ உயிரோட எதிர்ல நிக்கிறே. உன்னைப் பார்க்கிற நேரத்துலகூட அது கேக்குது."

 அண்ணன் வைத்த நாற்காலியை அக்கா இழுத்துப்போட்டு அதில் உட்கார்ந்தார். இன்னொன்றை எதிரே தள்ளினார். வெளியே நூலகக் காவலாளி விளக்குகளை அணைக்க ஆரம்பித்திருந்தார். வீட்டுக்காரர் வாசலில் நின்று, "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று தன் புதிய, மெதுவான குரலில் கேட்டார். அக்கா அவரைக் கொஞ்சம் இருக்கச் சொல்லிக் கைகாட்டினார்.

"உக்காருங்கண்ணே" என்றார். "முதல்ல தண்ணிச் சத்தத்தைச் சொல்லுங்க. எப்படி இருக்கு?"